இடுப்பு ஏன் தாமதமாக வருகிறது?

பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்ளும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "ஆறு மாதமாக வகுப்புக்குப் போகிறேன். அசைவுகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் 'டும்' என்று முரசு ஒலிக்கும்போது என் இடுப்பு இறங்குவதில்லை. ஒரு துளி கழித்துத்தான் இறங்குகிறது. இன்னும் வேகமாக ஆடிப் பழகினால் சரியாகுமா?"

ஆகாது. வேகத்தில் குறையில்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில் பெயரை முடித்துவிடுவோம். எகிப்தில் இது ரக்ஸ் ஷர்கி, அதாவது கிழக்கத்திய நடனம். வயிற்றைப் பெயருக்குள் இழுத்துவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பிறகு அந்தப் பெயர் அமெரிக்காவிலும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் வயிற்றைவிட முழங்காலுக்கும் இடுப்புக்கும்தான் வேலை அதிகம். ஒரு முழங்காலை லேசாக மடக்கினால் அந்தப் பக்க இடுப்பு இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். அவ்வளவுதான்.

அப்புறம் முரசு. எகிப்தியர் அதையும் தப்லா என்றுதான் சொல்வார்கள். ஆனால் நாம் பார்த்துப் பழகிய ஜோடித் தபலா அல்ல. வாய் அகன்று, அடிப்பக்கம் குழாய்போல ஒடுங்கிய ஒற்றை முரசு. தோலின் நடுப்பகுதியில் அடித்தால் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்து 'டும்'. விளிம்பில் அடித்தால் கீச்சென்று 'தெக்'. முன்பு மண் உடலும் மீன் தோலுமாக இருந்தது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும் என்பதால் முரசுக்குள் பல்ப் எரியவிட்டுச் சூடேற்றுவார்கள். இப்போது பெரும்பாலும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும்தான்.

எகிப்திய இசையில் அடிக்கடி வரும் தாளம் மக்சூம்: டும் தெக் – தெக் டும் – தெக் –. மொத்தம் எட்டு இடங்கள்; கோடு போட்ட இடம் மௌனம். இரண்டு இடம் சேர்ந்தால் ஒரு தட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்கு 2 நொடி, ஓர் இடத்துக்கு 0.25 நொடி.

இந்தக் கால் நொடியை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்கேலை எடுங்கள். தோழியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கீழ்முனையில் உங்கள் விரல்களை அகட்டி வையுங்கள். சொல்லாமல் விடச் சொல்லுங்கள். விழும் ஸ்கேலைப் பிடித்துவிடுவீர்கள், ஆனால் சுமார் 15 செ.மீ. நழுவியிருக்கும். பள்ளியில் படித்த சூத்திரத்தில் போட்டால் அது 0.175 நொடி. கண்ணைவிடக் காது கொஞ்சம் சுறுசுறுப்பு, ஒலிக்கு 0.15 நொடி என்று வைத்துக்கொள்ளலாம். அது விரலை அசைக்கத் தொடங்குவதற்கான நேரம். இடுப்போ கனமானது. தசை இறுகி, முழங்கால் மடங்கி, எலும்பு கீழே வந்து சேர இன்னும் 0.1 நொடியாவது ஆகும். இரண்டையும் கூட்டுங்கள்: 0.25.

தோராயக் கணக்குதான். ஆனாலும் விடையைப் பாருங்கள்! 'டும்' கேட்டபின் கிளம்பும் இடுப்பு, சரியாக அடுத்த இடமான 'தெக்'கில் வந்து இறங்குகிறது. வாசகியின் "ஒரு துளி" இதுதான். ஒலிக்குப் பதில் சொல்லும் உடல், எத்தனை வருடம் பயிற்சி செய்தாலும் தாமதமாகத்தான் வரும்.

அப்படியானால் நன்றாக ஆடுபவர்கள்? அவர்கள் 'டும்'முக்காகக் காத்திருப்பதில்லை. ஒலி வருவதற்கு முன்பே இடுப்புக்கு உத்தரவு போய்விடுகிறது. சீரான ஒலிக்கு விரல் தட்டச் சொல்லும் சோதனைகளில் இது பலமுறை பார்க்கப்பட்டது: பெரும்பாலோர் ஒலிக்குச் சில பத்து மில்லிநொடிகள் முன்னதாகவே தட்டுகிறார்கள், தங்களுக்கே தெரியாமல். ஓர் ஒலியை மிகச் சிறிதளவு தள்ளிவைத்தால், மாற்றத்தை உணராதவரின் விரலும் அடுத்த தட்டிலேயே தன்னைத் திருத்திக்கொள்கிறது! அசையாமல் உட்கார்ந்து தாளம் கேட்கும்போதுகூட மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இது. காது கேட்கிறது என்கிறோம், கால் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருக்கிறது. (இந்தச் சோதனைகளில் ஏராளமானவை வெறும் 'டிக் டிக்' ஒலியில் நடந்தவை. கெய்ரோ கலைஞர்களையும் அவர்களுடைய முரசையும் வைத்துச் செய்ய யாராவது பணம் கொடுத்தால் தேவலை.)

முன்கூட்டிக் கணிக்க வேண்டுமென்றால், வரப்போவது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று எண்ணினால் எல்லா இடமும் ஒரே எடை. எது 'டும்', எது மௌனம் என்று எண்ணிக்கை சொல்லாது. மேல் எகிப்தின், அதாவது தெற்கு எகிப்தின், சயீதி தாளத்தில் நடுவில் இரண்டு 'டும்' அடுத்தடுத்து வரும்: டும் தெக் – டும் டும் – தெக் –. மக்சூமை எதிர்பார்த்த இடுப்பு அங்கே தடுக்கி விழும். அந்தத் தாளத்தோடு வருவது ஆண்கள் தடி சுழற்றும் தஹ்தீப் என்ற ஆட்டம். யுனெஸ்கோ 2016இல் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அது தெரிந்தவர் சயீதி முழங்கும்போது கண்ணடித்துக் கொஞ்சிக்கொண்டு ஆடமாட்டார். மரியாதை என்று இதைத்தான் சொல்கிறேன். இடுப்புப் பட்டையில் எத்தனை காசு தொங்குகிறது என்பதை அல்ல. "ஐயாயிரம் ஆண்டுப் பழமையான தேவி வழிபாட்டு நடனம், கருப்பைச் சக்தியை எழுப்பும்" என்று கட்டணம் வாங்குபவர்களிடம் ஆதாரம் கேளுங்கள். இன்று நாம் காணும் மேடை வடிவம் 1920, 30களில் கெய்ரோவின் இரவு அரங்குகளில், முக்கியமாகப் பதியா மசப்னியின் அரங்கில், உருப்பெற்றது. அந்த உண்மை வரலாறே போதுமான சுவாரசியம்.

முரசே இல்லாத தக்சீம், அதாவது ஆலாபனை போன்ற தனி வாசிப்பு, வரும்போது கணிப்பு இன்னும் நுட்பமாகிறது. ஊத் என்ற நரம்புக் கருவி அல்லது புல்லாங்குழல் தனியாக அலைந்துகொண்டிருக்கும், எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த மகாமில் (நம் ராகம் போன்றது) ஊறியவருக்கு, சுரம் வீடு திரும்பப்போவது முன்பே தெரிந்துவிடும். அந்த முடிப்புக்கு கஃப்லா என்று பெயர். கூட்டம் "அல்லாஹ்!" என்று உருகுவதும் அங்கேதான், ஆடுபவரின் இடுப்பு அமர்வதும் அங்கேதான்.

ஆகவே வாசகிக்கு: இரண்டு வாரம் இடுப்பை விட்டுவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் போட்டு, 'டும் தெக் – தெக் டும் – தெக் –' என்று வாயால் சொல்லுங்கள். நடனத்துக்குச் சொற்கட்டு சொல்லிப் பழகுவதுபோல. அப்புறம் எழுந்து, காசுப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆடுங்கள். 'டும்'மும் காசுகளின் சலசலப்பும் இரண்டாகக் கேட்டால் இன்னும் காத்திருக்கிறீர்கள். ஒன்றாகக் கேட்டால் எனக்கு எழுதுங்கள்.