சுனாமி மேகம் இல்லை, சுருளலை முகில்

அலை அலையாகச் சுருண்ட மேகத்தின் படம் ஒன்று வாட்ஸப்பில் வந்தால் போதும், கீழே 'சுனாமி மேகம்' என்று போட்டுவிடுகிறார்கள். செய்திச் சேனல்களும் அப்படியே வாசிக்கின்றன. கடலூரில் இருந்துகொண்டு இதை எத்தனை தடவைதான் கேட்பது?

இதன் அறிவியல் பெயர் ஃப்ளக்டஸ். லத்தீனில் அலை என்று பொருள். உலக வானிலை அமைப்பு 2017இல் தன் மேக அட்லஸில் சேர்த்த பெயர் இது. அதற்கு முன்பிருந்தே கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் மேகம் என்று சொல்லிவந்தார்கள். கீழே குளிர்ந்த, கனமான காற்று மெதுவாகப் போகிறது. மேலே லேசான காற்று விரைகிறது. வேக வித்தியாசம் மிஞ்சினால் இரண்டும் சந்திக்கும் எல்லை நெளிந்து முகடு எழும்பும். மேல்காற்று அந்த முகட்டை முன்னே இழுத்து மடக்கும். அங்கே மேகம் இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியும், அதுவும் சில நிமிடம்தான். முகடுகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில், ஒரே பக்கம் பார்த்துச் சுருண்டிருக்கும்.

இதில் சுனாமி எங்கே வந்தது? சுனாமிக்குப் பெரும்பாலும் கடலடி நிலநடுக்கம் காரணம், இதற்குக் காற்று. உருவமும் பொருந்தவில்லை. சுனாமி பெரும்பாலும் சுருண்டு விழும் அலையாக வராது. கடலே பொங்கி வெள்ளமாக ஊருக்குள் ஏறும். 2004 டிசம்பர் 26 அன்று இங்கே கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆட்களைப் பறிகொடுத்தவர்களிடம் போய், வானத்திலும் சுனாமி என்று சொல்வது கொடுமை.

இன்னொரு குழப்பமும் உண்டு. இடிமழைக்கு முன்னால் கறுத்த சுவர்போல் நகர்ந்து வரும் ஆர்கஸ் மேகத்துக்கும் இதே பெயரைத்தான் வைக்கிறார்கள். அது வந்தால் பலத்த காற்று பின்னாலேயே வரும், படகில் இருப்பவர் உஷாராக வேண்டும். ஃப்ளக்டஸ் அப்படிப் புயலுக்கு முன்னறிவிப்பு இல்லை. மேலே காற்று கலங்கியிருக்கிறது என்று மட்டுமே காட்டும், அதைக் கவனிக்க வேண்டியவர் விமானி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எதற்குப் பயப்படுவது, எதை ரசிப்பது?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'ஆழிப்பேரலை முகில்' என்று திருத்துகிறார்கள். தப்பான சொல்லைத் தூய தமிழில் பெயர்த்தால் தப்பு போய்விடுமா? மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் ஆங்கிலத் தலைப்பை மட்டும் பார்ப்பதால் வரும் வினை இது.

சரி, 'அலை மேகம்'? எளிமையானதுதான், ஆனால் போதாது. சுருளாமல், கடற்கரை மணலில் காற்று போட்ட வரிகள்போல் இணையிணையாக ஓடும் அண்டுலேட்டஸ் மேகமும் அலைதான். அதற்கு வரியலை முகில் என்று வைத்துக்கொள்ளலாம். முகடு மடங்கிச் சுருண்டால் சுருளலை முகில். முகிலுக்குப் பதில் மேகம் என்று எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை.

'திரைமுகில்' என்பது உண்மையில் இன்னும் அழகு. திரை என்றால் அலை. தோல் திரைகிறது, பால் திரைகிறது என்னும்போது மடிப்பும் சுருக்கமும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. ஆனால் இன்றைக்குத் திரை என்றால் சினிமாவும் ஜன்னல் துணியும்தான் நினைவுக்கு வரும். வானத்தில் மெல்லிசாகப் பரவிய வேறொரு மேகத்தைச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் சுருளலை.