பழகிய மூளையில் வீரியக் கஞ்சா என்ன செய்கிறது?

கஞ்சா சட்டப்படி விற்கப்படும் இடங்களில் பொட்டலத்தின் மேல் 25%, 28% என்று ஓர் எண் பெரிதாக அச்சாகியிருக்கும். பல வருடம் பழகியவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். காய்ந்த பூவின் எடையில் எத்தனை பங்கு டிஎச்சி (THC), அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள், என்பது அந்த எண். போதை எவ்வளவு ஏறும் என்பதை அது ஓரளவுக்குத்தான் சொல்லும். மிச்சக் கணக்கு புகைப்பவரின் தலைக்குள் இருக்கிறது.

முதலில் செடி. பெண் பூக்களில் பசை சுரக்கும் நுண்ணிய மயிர்கள் உண்டு. அங்கே சிபிஜிஏ என்ற ஒரே மூலப்பொருளுக்கு இரண்டு நொதிகள் போட்டி போடுகின்றன. ஒன்று அதை டிஎச்சி அமிலமாக மாற்றும். மற்றது போதை தராத சிபிடியின் அமிலமாக மாற்றும். இரண்டாவது நொதி கிட்டத்தட்ட முடங்கிப்போன செடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் விளைவுதான் இன்றைய வீரிய ரகங்கள். அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் 1995இல் சராசரியாக 4% இருந்த டிஎச்சி, 2014இல் 12% அளவுக்கு வந்துவிட்டது. இந்தக் காலத்தில் சிபிடி குறைந்துகொண்டே போனது.

பச்சைப் பூவைத் தின்றால் பெரிதாகப் போதை வராது. சூடு பட்டு, அமில மூலக்கூறிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்ற பிறகுதான் அது டிஎச்சி ஆகிறது. கஞ்சாவை இண்டிகா, சட்டைவா என்று இரண்டு வகையாகப் பிரிக்கும் பாகுபாட்டுக்கும் இந்த வேதியியலுக்கும் நம்பும்படியான தொடர்பு இல்லை. அச்சிட்ட சதவீதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கடைகளில் வாங்கிய பூக்களைச் சோதித்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலானவற்றில் டிஎச்சி லேபிளில் போட்டிருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. எண் பெரிதானால் விலையும் ஏறும் சந்தையில் இது ஆச்சரியமில்லை.

சரி, மூளைக்கு வருவோம். அங்கே சிபி1 என்ற ஏற்பிகள், அதாவது ரசாயனச் செய்திகளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள், ஏராளம். ஒரு நரம்புச் செல்லுக்குச் செய்தி அளவுக்கு மீறி வந்தால், அனுப்பும் செல்லை அடக்குவதுதான் இவற்றின் வேலை. அதற்காக உடல் தானே தயாரிக்கும் அனந்தமைடு போன்ற பொருட்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் சுரந்து சீக்கிரமே சிதைந்துவிடும். டிஎச்சிக்கு அந்த இங்கிதம் தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்து மணிக்கணக்கில் நகராது. ஆனாலும் அது ஏற்பியை அரைகுறையாகத்தான் தூண்டுகிறது, முழு வேகத்தில் ஓட வைப்பதில்லை. செயற்கைக் கஞ்சா என்று விற்கப்படும் ரசாயனங்களில் பல ஏற்பியை முழுக்கத் தூண்டும். அவை பல மடங்கு ஆபத்தாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தினமும் டிஎச்சி வந்து தட்டிக்கொண்டே இருந்தால் செல் சும்மா இருக்காது. ஏற்பிகளில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தினமும் புகைப்பவர்களின் மூளையைப் படமெடுத்து 2012இல் வெளியான ஆய்வில், மூளையின் வெளி அடுக்கான புறணியில் சிபி1 சுமார் 20% குறைந்திருந்தது. பழகியவருக்கு ‘ஏறவே மாட்டேங்குது’ என்று தோன்றுவது இதனால்தான். கொலராடோவில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வும் இதோடு பொருந்துகிறது. 70 முதல் 90% வரை டிஎச்சி உள்ள, கஞ்சாவிலிருந்து பிரித்துச் செறிவாக்கிய பொருட்களைப் பயன்படுத்தியவர்களின் ரத்தத்தில், பூ புகைத்தவர்களைவிட டிஎச்சி மிக அதிகமாக ஏறியிருந்தது. ஆனால் போதை உணர்விலும் நினைவாற்றல் சோதனையிலும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீரியத்துக்காகக் கொடுத்த கூடுதல் காசு எங்கே போனது என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தப் பழக்கம் எல்லா விளைவுகளையும் சமமாக மழுங்கடிப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வீரியக் கஞ்சாவைத் தினமும் எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்க்கான வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணம் இதுதான் என்று தனியாக நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் ‘வீரியம்’ என்பது 10% டிஎச்சியிலேயே தொடங்குகிறது. இன்றைய கடைகளில் அது சாதுவான சரக்கு! அப்புறம், தீராத வாந்தி. 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முதலில் விவரித்த இந்த நோய் நீண்ட நாள் அதிகம் பயன்படுத்துபவர்களுக்குத்தான் வருகிறது. வெந்நீரில் குளித்தால் கொஞ்ச நேரம் அடங்கும். கஞ்சாவை விட்டால்தான் நிற்கும்.

தின்பண்டமாக எடுக்கும்போது இன்னொரு கதை. கல்லீரல் டிஎச்சியின் ஒரு பகுதியை 11-ஹைட்ராக்ஸி டிஎச்சியாக மாற்றுகிறது. அதுவும் மூளைக்குள் எளிதாக நுழைந்து போதை தரும். ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். புகைத்துப் பழகியவர் ஐந்து நிமிடத்தில் ஏறுவதற்குப் பழகியவர். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு துண்டைப் போட்டுக்கொள்வார், பிறகு இரண்டும் சேர்ந்து தூக்கியடிக்கும்.

குறைந்துபோன ஏற்பிகள் திரும்பி வரும். நிறுத்திய இரண்டு நாட்களிலேயே மீட்சி தொடங்கி, நான்கு வாரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வருவதைப் படங்கள் காட்டுகின்றன. முதல் வாரத்தில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பசி குறையும். ஒரு மாதம் விட்டிருந்துவிட்டு அதே பொட்டலத்தை அதே அளவில் மறுபடி எடுப்பவருக்கு, பழைய நாட்களில் லேசாகத் தெரிந்த 25% இப்போது நெஞ்சு படபடக்க வைக்கும் அளவாக இருக்கலாம்.