பூஞ்சையைக் கொன்றுவிட்டு ஆர்க்கிட் வாடுகிறது என்கிறார்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. செய்தித்தாளில் சுற்றிய ஒரு காட்டு ஆர்க்கிட்: இரண்டு கிழங்கு, நாலைந்து வேர், துவண்டுபோன ஒரு பூந்தண்டு. கொண்டுவந்தவருக்குச் செடிகள்மேல் உண்மையான பிரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "வேர்ல பூஞ்சை இருந்துச்சு சார். நல்லா கழுவி, பூஞ்சைக்கொல்லியில அரை மணி நேரம் ஊறவெச்சுத்தான் நட்டேன். அப்படியும் போயிடுச்சு."

அப்படியும் இல்லை ஐயா, அதனால்தான்.

ஒரு வேரை மெல்லிசாகச் சீவி, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து அவரையே பார்க்கச் சொன்னேன். தோலுக்குச் சற்று உள்ளே, செல்லுக்கு ஒன்றாக நூல்கண்டு சுருட்டி வைத்தது போல நீல இழைகள். "இவ்வளவு நோயா!" என்றார். (செத்த இழையும் சாயம் ஏற்கும். அவர் பார்த்தது உயிரோடு இருந்ததா என்பதை நான் அப்போது சொல்லவில்லை.)

பூஞ்சை என்றாலே நோய் என்ற இந்த ஒரு நினைப்பை எப்படித்தான் மாற்றுவது? ஆர்க்கிட் விதையை உள்ளங்கையில் கொட்டினால் தூசி மாதிரி இருக்கும், ஊதினால் போய்விடும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் இருக்கும். அவரை விதையில் பருப்பு இருக்கிறது, நெல்லில் மாவு இருக்கிறது. இதில் முளைக்கருவுக்கென்று கட்டுச்சோறு எதுவும் கிடையாது. மண்ணில் விழுந்த பிறகு சரியான பூஞ்சை உள்ளே நுழைந்தால்தான் அது வளரும். செல்லுக்குள் சுருளும் அந்த இழைகளைச் செடி செரித்துத் தின்கிறது. பச்சை இலை தலைகாட்டும்வரை, சில இனங்களில் வருடக்கணக்கில், மண்ணுக்குள் இதுதான் பிழைப்பு. பிரான்சில் நோயல் பெர்னார்ட் 1899இலேயே இதைக் கண்டு சொல்லிவிட்டார்.

ஆக, இங்கே தின்பது ஆர்க்கிட், தின்னப்படுவது பூஞ்சை. பதிலுக்குச் செடி ஒன்றுமே தராது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். பச்சை இலையுள்ள குட்யெரா ரெபென்ஸ் என்ற ஆர்க்கிட், வளர்ந்த பிறகு தன் பூஞ்சைக்குக் கார்பனைத் திருப்பித் தருவதை 2006இல் காட்டினார்கள். இலையே இல்லாத சில இனங்கள் கடைசிவரை வாங்கித் தின்பதோடு சரி.

இந்தப் பூஞ்சைகளில் பலவற்றை ரைசாக்டோனியா வகை என்போம். வேளாண்மை படித்தவர்கள் பெயரைக் கேட்டதும் நெளிவார்கள். நெல்லுக்கு இலையுறைக் கருகல் கொண்டுவருவதும் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதானே! சொந்தக்காரர்கள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை.

"கடையில் வாங்கின ஆர்க்கிட்டுக்கு மருந்து அடிக்கிறேனே, ஒன்றும் ஆகவில்லையே?" ஆகாது. 1922இல் லூயிஸ் நட்சன் என்ற தாவர ஆய்வாளர் சர்க்கரை கலந்த அகாரில், அதாவது கடற்பாசிக் கூழில், பூஞ்சையே இல்லாமல் விதையை முளைக்க வைத்தார். கடைக்கு வரும் கலப்பினங்கள் பெரும்பாலும் அந்த வழியில் குடுவைக்குள் வளர்ந்தவை. பூஞ்சை செய்யவேண்டிய வேலையை அங்கே சர்க்கரை செய்துவிடுகிறது. அதை வளர்த்த பழக்கத்தில் காட்டுச் செடிக்கும் மருந்து அடிக்காதீர்கள்.

சரி, தாய்மண்ணோடு அள்ளி வந்தால்? அதற்கும் எனக்குக் கேஸ் உண்டு. அந்தப் பூஞ்சைக்கும் சாப்பாடு வேண்டுமே! அதற்கு இலைமட்கு வேண்டும், அல்லது மட்கும் கட்டை, சில வகைகளுக்கு உயிருள்ள மரத்தின் வேர். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1928இல் கிடைத்த ரைசாந்தெல்லா கார்ட்னெரி மண்ணுக்கடியிலேயே பூக்கும் ஆர்க்கிட். பூஞ்சை அதைப் பக்கத்தில் நிற்கும் மெலலூக்கா புதரின் வேரோடு இணைத்திருக்கிறது. புதர் செய்த சர்க்கரைதான் பூஞ்சை வழியாக இதற்கு வருகிறது. இதைத் தொட்டியில் வைக்க வேண்டுமானால் புதரையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

இதில் பலரை ஏமாற்றுவது முதல் வருடப் பூ. கிழங்கில் இருந்த சேமிப்பைச் செலவழித்துச் செடி ஒருமுறை பூத்துவிடும். "பிடிச்சுக்கிச்சு" என்று படம் அனுப்புவார்கள். மறுவருடம் படம் வராது.

அப்புறம், நல்ல பூஞ்சை என்று கடையில் விற்கும் பொட்டலங்கள். வேர் உட்பூசணம் என்று விற்கிறார்களே, அது பயிர்களுக்கு நல்லது. ஆனால் ஆர்க்கிட்டுக்கு அது வேறு குலம், வேருக்குள் குடியேறாது. டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை இன்னும் மோசம். ரைசாக்டோனியாவை அடக்கத்தான் அதையே போடுகிறோம்.

தயவுசெய்து காட்டிலிருந்து பெயர்க்காதீர்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், காட்டு உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது ஒருபுறம். கொண்டுவந்தாலும் பிழைக்காது என்பது மறுபுறம். படம் எடுங்கள், ஆனால் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். உங்கள் நிலத்தில் தானாக முளைத்திருந்தால் இலைமட்கைக் கூட்டித் தள்ளாதீர்கள், உரம் போடாதீர்கள், சுற்றிலும் கொத்தாதீர்கள். மரத்தில் ஒட்டியிருப்பதைப் புல்லுருவி என்று பிய்த்தெறியவும் வேண்டாம். அது மரத்தை உறிஞ்சுவதில்லை.

அவர் அந்தக் கிழங்குகளை எடுத்த குழியிலேயே திரும்ப வைத்துவிட்டார். நேற்று போன். இலையைக் காணோமாம், தோண்டிப் பார்க்கட்டுமா என்கிறார். தோண்டாதீர்கள் ஐயா. சில தரை ஆர்க்கிட்கள் ஒன்றிரண்டு வருடம் மேலே வராமலே உள்ளே கிடக்கும்.