சென்சார் சான்றிதழ்: பணத்தை யாரிடமும் கொடுப்பதற்கு முன்

சேலத்தில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளிடம், படம் முடிந்த கையோடு, "சென்சார் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்து நிற்கிறார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு தம்பி அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து அப்படி ஒரு தரகரிடம் பணம் கொடுத்தான். அவன் எடுத்தது யூடியூபில் மட்டும் வெளியிட வேண்டிய படம். அதற்குத் தணிக்கைச் சான்றிதழே தேவையில்லை. இதை அவனுக்குச் சொல்ல ஆளில்லாமல் போனது.

1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்கு மத்தியத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் கட்டாயம். நமக்குரிய மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. சட்டம் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். திரைப்பட விழாவுக்கு மட்டும் படம் அனுப்புகிறீர்கள் என்றால், விழாக் குழு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் தணிக்கை விலக்குப் பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பாமல் விலக்குக் கடிதத்தின் நகலை வாங்கிப் பாருங்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஊர் இது. ஏற்காடு சாலையில் அதன் வளைவு இன்னும் நிற்கிறது. ஆனால் சான்றிதழ் பற்றி விசாரிக்க ஊரில் இடமில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். அங்கே போனால் சென்னைக்குப் போகச் சொல்கிறார்கள். விண்ணப்பம் கொடுக்க ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடிக்கத் தேவையில்லை. வாரியத்தின் இ-சினிபிரமாண் இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணமும் அதிலேயே செலுத்தலாம்.

இங்கேதான் தரகர் நுழைகிறார். அந்த இணையதளக் கணக்கைத் தன் கைபேசி எண்ணிலும் தன் மின்னஞ்சலிலும் தொடங்கிவிடுகிறார். வாரியம் அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் அவருக்கே போகும். என்ன குறை சொன்னார்கள், எதை வெட்டச் சொன்னார்கள் என்பதெல்லாம் படம் எடுத்தவனுக்குத் தெரியாது. "மேலே கொடுக்க வேண்டும்" என்று அடுத்த தொகையைக் கேட்கும்போதும் சரிபார்க்க வழியிருக்காது. எண்ணும் மின்னஞ்சலும் தயாரிப்பாளருடையதாகவே இருக்கட்டும். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்.

அடுத்து, ஆடு மாடு. நம் ஊர்ப் படங்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். படத்தில் விலங்கை நடிக்க வைத்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். அதுவும் படப்பிடிப்புக்கு முன்பே. படம் முடிந்ததும் அதே வாரியத்தின் தடையின்மைச் சான்றையும் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாரியம் முன்பு சென்னையில் இருந்தது. இப்போது ஹரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் படம் எடுத்த ஓர் இளைஞர், பாட்டி ஓர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துத் தழை ஊட்டுவதாகக் காட்சி வைத்தார். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். விண்ணப்பித்தபோது அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். எடுத்து முடித்த படத்துக்கு முன் அனுமதி எங்கே போய் வாங்குவது? காட்சியை வெட்டி எறிந்தார். வீட்டில் வளரும் ஆட்டுக்குட்டியைக் கொஞ்சுவதற்கு ஹரியானாவில் அனுமதி கேட்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் விதி இருக்கிறது. கதை எழுதும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மலைக்குரங்கைப் பழக்கி நடிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அடியோடு விட்டுவிடுங்கள். அதற்குத் தடையே இருக்கிறது.

புகைபிடிக்கும் காட்சி இருந்தால், அது ஓடும் வரை திரையில் எச்சரிக்கை வாசகம் தெரிய வேண்டும். தொடக்கத்திலும் நடுவிலும் புகையிலை எதிர்ப்புப் படங்களும் சேர்க்க வேண்டும். பின்னணி இசை சேராத அரைகுறைப் படத்தை அனுப்பாதீர்கள். சான்றிதழ் வாங்கிய பிறகு தணிக்கை வாரியத்துக்குத் தெரிவிக்காமல் ஒரு காட்சியைக்கூடச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. டிரெய்லரைத் திரையரங்கில் ஓட்டவும் மொழிமாற்றிய பிரதியைத் திரையிடவும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; அது காலாவதி ஆவதில்லை.

தணிக்கை வாரியத்தின் ஆய்வுக் குழு படம் பார்க்கும் நாளில் நீங்களே சென்னைக்குப் போங்கள். ஒரு காட்சி ஏன் வேண்டும் என்று உங்களைவிட நன்றாகத் தரகர் சொல்லப் போவதில்லை. வெட்டு எதையும் அங்கேயே தலையாட்டி ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். முடிவு சரியில்லை என்றால் மறு ஆய்வுக் குழுவிடம் போகலாம். அதற்கு மேல் முறையிட முன்பு தீர்ப்பாயம் இருந்தது. 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது உயர் நீதிமன்றம்தான். கடன் வாங்கிப் படம் எடுத்தவன் அங்கே போய் வழக்கு நடத்துவான் என்று எப்படி நினைத்தார்களோ!

படம் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. 2024இல் வந்த விதிகளின்படி பிள்ளைகள் பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய படத்துக்கான யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இது பெற்றோருக்கான வழிகாட்டல். யு/ஏ 16+ படத்துக்குப் பிள்ளையுடன் வந்த பெற்றோரை வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பத் திரையரங்குக்கு உரிமை கிடையாது. ஏ சான்றிதழ் வேறு: 18 வயது நிரம்பாதவரை, பெற்றோர் கூட வந்தாலும், உள்ளே விடக்கூடாது.

பள்ளியில் படம் காட்ட அஞ்சும் ஆசிரியர்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர் ஆகியோர் மட்டும் பார்ப்பதாக இருந்தால், பள்ளி நடவடிக்கையின் பகுதியாகப் படம் காட்டுவது பதிப்புரிமை மீறல் ஆகாது. உரிமத் தொகை கேட்டு யாராவது மிரட்டினால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள். அதே படத்தை ஊர்த் திருவிழாவில் திரை கட்டிக் காட்டினால் இந்த விலக்கு பொருந்தாது. அதற்கு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.