துணி மிஷினில் தோல் தைக்கும் முன்

துணியில் ஊசி இறங்கும்போது இழைகள் விலகி வழிவிடும். தையலைப் பிரித்தால் விலகிய இழைகள் திரும்பக் கூடிக்கொள்ளும், தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் தடமே தெரியாது. தோலில் அப்படி இல்லை. அங்கே விழுந்த துளை விழுந்ததுதான். ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துப் பழகியவர்கள் அதே மிஷினில் பர்ஸ், கைப்பை என்று இறங்கும்போது வரும் நஷ்டத்தில் பெரும்பங்கு இந்த ஒரு வித்தியாசத்தை மறப்பதால் வருகிறது.

வீட்டு மிஷினில் தோல் தைக்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் எல்லாத் தோலும் முடியாது. ஆட்டுத்தோல், செம்மறித்தோல் இரண்டும் ஆடைக்கும் பர்ஸுக்கும் வரும்போது 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர் கனம் இருக்கும். இவை நன்றாகவே தைபடும். பைக்கு வரும் மாட்டுத்தோல் 1.2 முதல் 1.6 மி.மீ.; மிருதுவாகவும் 1.2 மி.மீ. அருகிலும் இருந்தால் இரண்டு அடுக்கு வரை, அதுவும் பொறுமையாக. பெல்ட்டுக்கு வரும் 3, 4 மி.மீ. எருமைத்தோலை வீட்டு மிஷினுக்குக் கொண்டுவரவே கூடாது. அது கையால் துளையிட்டு இரண்டு ஊசியில் தைக்க வேண்டியது, இல்லையென்றால் செருப்புப் பட்டறை மிஷினுக்குப் போக வேண்டியது.

கடையில் மிஷின் வாங்கும்போது, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கிக் காட்டி, “இவ்வளவு கனம் போகும்” என்பார்கள். ஃபுட்டுக்குக் கீழே தோல் நுழைவது வேறு, தைபடுவது வேறு. ஊசி துளைத்து இறங்க வேண்டும், மேலே வரும்போது கீழ்நூலை இழுத்து முடிச்சைத் தோலின் நடுவில் உட்கார வைக்க வேண்டும், ஃபுட்டுக்கு அடியில் துணியை இழுத்துக்கொடுக்கும் பல் அந்தக் கனத்தை நகர்த்த வேண்டும். மூன்றும் சேர்ந்து நடக்கும் அளவு, மிருதுவான தோலில் மொத்தம் 2 முதல் 2.5 மி.மீ. வரைதான். பை முழுவதையும் வெட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, அதே தோலின் துண்டுகளை அதே எண்ணிக்கையில் அடுக்கி, மோட்டாரைத் தொடாமல் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பத்துத் தையல் போட்டுப் பாருங்கள். சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தால் அந்த வேலை அந்த மிஷினுக்கு இல்லை.

இந்த விஷயத்தில் பழைய கறுப்புக் கால்மிஷினைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வார்ப்பிரும்பு உடம்பு, கனமான சக்கரம், ஒவ்வொரு தையலாக நிறுத்தும் கட்டுப்பாடு என்று தோலுக்கு வேண்டியவை அதில் இருக்கின்றன. பிளாஸ்டிக் உடம்பு மிஷினில் சிறிய மோட்டார் கனமான மடிப்பில் திணறும். திணறும்போது பெடலை இன்னும் அழுத்தினால் மோட்டார் சூடேறிக் கருகல் வாடை வரும். வாடை வந்த பிறகு நிறுத்துவது தாமதம். சத்தம் மாறும்போதே காலை எடுத்துவிட்டுக் கையால் சுற்ற வேண்டும்.

தோலைத் தெரிந்துகொண்டு வாங்குவது

தமிழ்நாட்டில் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, சென்னையில் பெரியமேடு எல்லாம் இந்தத் தொழிலின் ஊர்கள். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படும். பின்பக்கத்தில் அளவு எழுதியிருக்கும். மீட்டர் கணக்கில், ஒரே அகலத்தில் உருளையாகச் சுற்றி விற்றால் அது தோல் அல்ல, ரெக்சின்.

ரெக்சினுக்குத் தோல் ஊசி போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தோல் ஊசியின் முனை சிறு கத்தி போல வெட்டிக்கொண்டு இறங்கும். தோலின் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால் அந்த வெட்டைத் தாங்கும். ரெக்சினில் மேலே பிளாஸ்டிக் பூச்சு, அடியில் துணி. கத்திமுனை துணியின் இழைகளையே அறுத்துவிடும், கொஞ்ச நாளில் தையல் வரிசையோடு கிழிந்து வரும். ரெக்சினுக்குக் கூர்மையான சாதாரண ஊசியோ ஜீன்ஸ் ஊசியோ போதும். பின்பக்கத்தைப் பாருங்கள்: நெய்த துணியோ வலைப்பின்னலோ தெரிந்தால் ரெக்சின், நார்நாராகப் பஞ்சு போலிருந்தால் பெரும்பாலும் தோல். தோல் தூளைப் பசையில் அழுத்திச் செய்த தாளும் ‘அசல் தோல்’ என்ற பெயரில் வருகிறது. ஓரத்தை நகத்தால் கீறினால் உதிரும். அதை எந்த மிஷினில் தைத்தும் பயனில்லை.

அசல் தோலிலும் இரண்டு வகை. குரோம் போட்டுப் பதனிட்டது மிருதுவாக இருக்கும், வெட்டிய ஓரத்தில் பெரும்பாலும் நீலச் சாம்பல் சாயல் தெரியும். வீட்டு மிஷினுக்கு இதுவே தோது. ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டது உள்ளே வரை பழுப்பாக இருக்கும், விறைப்பும் கூடுதல். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கடுக்காயும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு மை ஆகிவிடும். துணிக்குக் கறுப்புச் சாயம் போட்ட பழைய முறையே அதுதான். ஆகவே வியர்த்த கையோடு, துருப்பிடித்த கிளிப்பும் ஊசியும் வைத்துக்கொண்டு இந்தத் தோலைத் தொட்டால் போகாத கருந்திட்டுகள் விழும். பருத்தி நூலும் இதில் நாளடைவில் நைந்துபோகும்.

வெட்டும்போது தோலை மடித்து வெட்டாதீர்கள். ஒற்றையாக விரித்து, கூரான பிளேடும் இரும்பு ஸ்கேலும் வைத்து, பேட்டர்னின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வெட்ட வேண்டும். முதுகுப் பகுதி இறுக்கமாக, இழுபடாமல் இருக்கும். வயிற்றுப் பக்கமும் கால் பக்கமும் இழுபடும். பையின் கைப்பிடியை வயிற்றுப் பக்கத்தில் வெட்டினால் நாளாக நாளாக நீண்டு தொங்கும். குறி போடப் பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை நாளடைவில் மேலே ஊறி வரும். பின்பக்கத்தில் வெள்ளிப் பேனா போதும்.

ஊசி, நூல், தையல் நீளம்

தோல் ஊசி 14, 16, 18 என்ற நம்பர்களில் வரும். அட்டையில் அதையே 90, 100, 110 என்றும் போட்டிருப்பார்கள். 100 என்றால் ஊசியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர், 110 என்றால் 1.1 மி.மீ. என்று பொருள். மெல்லிய ஆட்டுத்தோலுக்கு 14, பொதுவான வேலைக்கு 16, மாட்டுத்தோலுக்கும் தடித்த நூலுக்கும் 18. வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மிஷின் ஊசி முழு உருண்டை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால், கீழே நூலைக் கொத்திப் பிடிக்கும் ஷட்டிலில் ஊசி மோதும். தட்டைப் பக்கம் எந்தத் திசை என்பது மிஷினுக்கு மிஷின் மாறுவதால், பழைய ஊசியைக் கழற்றும் முன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நூலில் பாலியெஸ்டர் அல்லது நைலான். உறுதி வேண்டும் என்று செருப்புக்கடை நூலை வாங்கிவந்து மாட்டுவது வீண்வேலை. அந்தத் தடிமன், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள்ளேயே சரியாக ஓடாது. பிசின் பூசிய நைலானில் டிக்கெட் 60 நம்பர் வீட்டு மிஷினுக்கு வசதி, 16 ஊசி போதும். டிக்கெட் 40 தான் எல்லை, அதற்கு 18 ஊசி வேண்டும். இந்தக் கணக்கில் நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும், மறந்துவிட வேண்டாம். மேலே தடித்த நூலும், கீழ்நூல் சுற்றும் பாபினில் சாதாரண நூலும் போட்டால் முடிச்சு ஒரு பக்கமாக இழுபடும். கீழேயும் அதே நூல் போட்டுச் சுற்றுங்கள், பாபினை முழுக்க நிரப்பாமல்.

இனி தையல் நீளம். பிளவுஸுக்கு 2 மி.மீ. வைத்திருப்பதை அப்படியே விட்டுத் தோல் தைத்தால் என்ன ஆகும்? 18 ஊசி 1.1 மி.மீ. துளை போடும். இரண்டு துளைகளுக்கு நடுவே மிஞ்சும் தோல் 0.9 மி.மீ. தான். பத்து சென்டிமீட்டரில் ஐம்பது துளை. தபால்தலை ஓரம் மாதிரி ஆகிவிடும், பையில் பாரம் ஏற்றினால் அந்தக் கோட்டோடு பிரியும். அதையே 3.5 மி.மீ. வைத்தால் நடுவே 2.4 மி.மீ. தோல் நிற்கும். மெல்லிய தோலுக்கு 3, பைகளுக்கு 3.5 முதல் 4 வையுங்கள். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்பது துணியின் கணக்கு.

தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் ரிவர்ஸ் அடிப்பதையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். முன்னே போன ஊசி பின்னே வரும்போது அதே துளையில் விழாது, பக்கத்தில் விழுந்து தோலை அறுக்கும். பத்து சென்டிமீட்டர் நூல் வால் விட்டு முடித்து, மேல்நூலைப் பின்பக்கம் இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டு, சொட்டு பசை வைத்து நறுக்குங்கள். இழுவை வரும் இடமானால் வாலைக் கை ஊசியில் கோத்து, இருக்கும் துளைகளிலேயே மூன்று தையல் திரும்பி வாருங்கள். குண்டூசியும் வேண்டாம். பிளாஸ்டிக் கிளிப் போடலாம், அல்லது தையல் விடும் ஓரத்துக்குள் மெல்லிய ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டலாம்.

ஒட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். ரப்பர் சொல்யூஷன், காலணிப் பசை இவற்றின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். சமையலறையை ஒட்டி மிஷின் போட்டிருக்கும் வீடுகள் நிறைய. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியும்போது டப்பாவைத் திறக்கக் கூடாது. பசைகளில் கலக்கும் ஹெக்ஸேன் என்ற கரைப்பான், மூடிய அறையில் நாள்கணக்கில் சுவாசித்தால் கை கால் நரம்புகளைக் கெடுக்கும். காலணித் தொழிலாளர்களிடம் இது நன்கு அறியப்பட்ட நோய். குழந்தைகள் படுக்கும் அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

தோல் நகரவில்லை, தையல் தாண்டுகிறது

பளபளப்பான தோலில் இரும்பு ஃபுட் ஒட்டிக்கொள்ளும். அடியில் பல் இழுக்க, மேலே ஃபுட் பிடிக்க, தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று குவியும். மேல் துண்டு பின்தங்கி, முடிவில் அரை சென்டிமீட்டர் கூடுதலாக நிற்கும். டெஃப்லான் ஃபுட்டோ சக்கரம் வைத்த ரோலர் ஃபுட்டோ மாட்டினால் தீரும். பழைய கறுப்பு மிஷினுக்குக் குட்டைத் தண்டு ஃபுட் என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்கும் வரை, ஃபுட்டின் அடியில் வழவழப்பான ஒட்டுநாடா ஒட்டி ஊசி போகும் இடத்தை வெட்டிவிடலாம். அல்லது தோல்மேல் பட்டர் பேப்பர் கீற்று வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடலாம். அடியிலும் ஒரு கீற்று வைத்தால் பல்லின் தடம் தோலில் பதியாது. வழுக்குவதற்காக மிஷின் எண்ணெயைத் தோலில் தடவுவோரும் உண்டு. அந்தக் கறை ஒருநாளும் போகாது.

தையல் தாண்டினால் உடனே டென்ஷனைத் திருகுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். காரணம் பெரும்பாலும் வேறு. ஊசி அடிவரை போய் மேலே திரும்பும் அந்தக் கணத்தில் நூல் சிறு வளையமாக விரிய வேண்டும். ஷட்டிலின் மூக்கு அந்த வளையத்தைக் கொத்திப் பிடிக்கும். தோல் ஊசியை இறுகப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து மேலெழுந்தால் வளையம் விரியாது, மூக்கு வெறுமனே கடந்துபோகும். எனவே முதலில் ஃபுட்டின் அழுத்தத்தைச் சற்று ஏற்றுங்கள், தோல் எழாமல் இருக்கும். அடுத்துப் புது ஊசி. சாதாரண ஊசி போட்டிருந்தால் அதுவே காரணம். இவை இரண்டும் பார்த்த பிறகுதான் டென்ஷன். பாபின் கேஸ் திருகைத் தொடும் முன் அது நிற்கும் நிலையை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள்.

ஊசி உடைவதற்கு மிகப் பெரிய காரணம் தோலைக் கையால் பிடித்து இழுப்பது. இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி தகட்டிலோ ஷட்டிலிலோ இடிக்கும். முனை தெறித்துக் கண்ணுக்கு வரலாம். கண்ணாடி போட்டுக்கொள்வது பயந்தவர் வேலை அல்ல. உடைந்த துண்டு முழுவதும் கிடைக்கும் வரை மிஷினை ஓட்டாதீர்கள். ஷட்டிலின் மூக்கில் கீறல் விழுந்திருந்தால் அடுத்த நாள் துணி தைக்கும்போதும் நூல் அறும்.

பை தைப்பவர்கள் சிக்கும் இடம் மடிப்பு மேல் மடிப்பு. 1 மி.மீ. தோலில் பக்கத் தையல் 2 மி.மீ.; வாய்ப்பக்கம் மடிக்கும்போது அந்தத் தையல் குறுக்கே வந்து 4 மி.மீ. ஆகிறது, ஓரங்கள் ஒரே பக்கம் படிந்திருந்தால் அதற்கும் மேல். எந்த வீட்டு மிஷினும் அங்கே நிற்கும். மடிப்பு வரும் இடத்தில் தோலின் பின்பக்கத்தை 12 மி.மீ. அகலத்துக்குச் சீவிப் பாதிக் கனமாக்குங்கள். பட்டறையில் இதை ஸ்கைவிங் என்பார்கள், கூரான கத்தியைச் சாய்த்துப் பிடித்துப் பழகினால் வரும். தையல் ஓரங்களை இருபக்கமும் விரித்து ஒட்டி, கட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். இஸ்திரிப்பெட்டியும் நீராவியும் தோலைச் சுருக்கிவிடும். மேடு ஏறும்போது ஃபுட் பின்பக்கம் சாய்ந்தால், அதே கனத்தில் ஒரு தோல் துண்டை ஃபுட்டின் குதிகாலுக்கு அடியில் வைத்துச் சமன்படுத்தி, கைச்சக்கரத்தால் தாண்டுங்கள். இன்னும் நல்ல வழி, வாயை மடிக்காமலே விடுவது. தோல் ஓரம் நூல் பிரியாது, மடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் துணிக்குத்தான்.

முதல் வேலையாகக் கைப்பை வேண்டாம். ஒற்றை ஜிப் வைத்த, ஏழுக்கு ஐந்து அங்குல பவுச் ஒன்று, 0.8 மி.மீ. ஆட்டுத்தோலில். நேர்கோடுகள், நான்கு மூலை, எங்கும் மூன்று அடுக்குக்கு மேல் வராது. மூலையில் ஊசியைத் தோலுக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் திருப்ப வேண்டும். நிறமும் கனமும் ஒத்த துண்டுத்தோல் எடைக்கு மலிவாகக் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சோதனைத் தையலுக்கு அதைவிட நல்லது இல்லை.

வேலை முடிந்ததும் தகட்டைக் கழற்றிப் பல்லிடுக்கிலும் ஷட்டிலிலும் படிந்த தோல் தூளைப் பிரஷ்ஷால் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பழைய வெள்ளைத் துணியில் கறை வராத வரை ஓட்டுங்கள். ஊசியைக் கழற்றித் தனி டப்பாவில் போடுங்கள். அதை மறந்து மறுநாள் பட்டு பிளவுஸை வைத்தால், தையல் நெடுகிலும் இழைகள் அறுந்திருக்கும்.