கதீட்ரல்: பேராலயமா, கதிரைக் கோயிலா?

சில வாரங்களுக்கு முன் ஒரு பயணக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். கேம்பிரிட்ஜுக்கு வடக்கே, சற்றுக் கிழக்காக, 23 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஈலி என்ற ஊரைப் பற்றியது. எழுதியவர் அதைப் 'பேராலய மாநகரம்' என்று குறித்திருந்தார். ஈலியின் மக்கள்தொகை ஏறத்தாழ 20,000. நம் ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. அதைக் கோவையோடும் மதுரையோடும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டாரே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், அவர் மேல் குறை சொல்ல வழியில்லை. இங்கிலாந்தில் அந்த ஊருக்குச் சட்டப்படி உள்ள பட்டம் 'சிட்டி'. அகராதி அதற்கு மாநகரம் என்கிறது. 'கதீட்ரல்' என்றால் பேராலயம் என்கிறது. இரண்டையும் ஒட்டினார், அவ்வளவுதான். இரண்டுமே பெரிதைச் சொல்லும் சொற்கள். கதீட்ரல் என்ற சொல்லிலோ பெருமைக்கும் பருமனுக்கும் இடமே இல்லை. அதில் இருப்பது ஒரு நாற்காலி.

கிரேக்கத்தில் 'கதெட்ரா' என்றால் இருக்கை. 'கதா' என்றால் கீழே, 'ஹெட்ரா' என்றால் உட்காரும் இடம். ஹெட்ராவின் வேரும் வடமொழியில் அமர்தலைக் குறிக்கும் 'ஸத்' என்ற வேரும் ஒரே மூலத்தில் பிறந்தவை. குருவின் அருகே அமர்வதைச் சுட்டும் உபநிடதத்துக்கும் கதீட்ரலுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு. கிரேக்கச் சொல்லை லத்தீன் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆசிரியர் அமர்ந்து கற்பிக்கும் இருக்கை, பிறகு கிறிஸ்தவ ஆயர், அதாவது பிஷப், அமர்ந்து போதிக்கும் இருக்கை என்று பொருள் நகர்ந்தது. ஆயரின் இருக்கை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அது 'இருக்கைக் கோயில்'. அந்த நீண்ட தொடரில் கோயில் உதிர்ந்து, இருக்கை மட்டும் பெயராக நின்றுவிட்டது.

அதே லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்தின் 'சேர்' ஆயிற்று. போர்த்துகீசியத்தில் 'கதெய்ரா' ஆயிற்று. போர்த்துகீசியர் இலங்கைக் கரைக்கு வந்தபோது அந்தச் சொல்லும் கூடவே இறங்கியது. யாழ்ப்பாணத்தில் இன்றும் நாற்காலிக்குப் பெயர் கதிரை. தமிழ்நாட்டுக்காரர்கள் நாற்காலி என்று காலை எண்ணிக்கொண்டிருக்க, ஈழத்தமிழர் ஒவ்வொரு நாளும் விருந்தாளிக்குக் கதீட்ரலின் உடன்பிறப்பை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆயரின் இருக்கையும் முற்றத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் கதிரையும் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

கோயிலின் அளவுக்கும் கதீட்ரல் என்ற பெயருக்கும் தொடர்பில்லை என்பதற்கு ஈலியை விடத் தெளிவான சாட்சி கிடைக்காது. அங்கே இன்று நிற்கும் பெருங்கட்டடத்தைக் கட்டத் தொடங்கிய ஆண்டு 1083. தொடங்கியவர் சிமியோன் என்ற மடாதிபதி. அப்போது அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடாலயக் கோயில்தான். ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் பகுதிக்கு மறைமாவட்டம் என்று பெயர். 1109இல் லிங்கன் மறைமாவட்டத்திலிருந்து ஈலியைப் பிரித்துத் தனி மறைமாவட்டம் ஆக்கினார்கள். ஹார்வி என்பவர் முதல் ஆயரானார். மடாதிபதியின் இடம் ஆயருக்குப் போயிற்று. மடத்தை அன்றாடம் நடத்தும் பொறுப்பு அவருக்கு அடுத்த நிலைத் துறவியிடம் வந்தது. கட்டடத்தில் ஒரு கல்கூட மாறவில்லை. முந்தைய நாள் மடாலயக் கோயில், மறுநாள் கதீட்ரல். சென்னையிலும் இதே கதைதான். புனித ஜார்ஜ் ஆலயம் 1815இல் எழுந்தது. 1835இல் சென்னைக்கு ஆங்கிலிக்க (இங்கிலாந்துத் திருச்சபை) ஆயர் ஒருவர் நியமிக்கப்பட்ட பிறகே அது கதீட்ரல் ஆனது. கதீட்ரல் சாலையில் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு நாற்காலியின் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.

ஊரின் பெயருக்கு வருவோம். 'ஈல்' என்றால் விலாங்கு மீன். சதுப்பு நீரில் விலாங்கு ஏராளமாகப் பிடிபடுவதால் இந்தப் பெயர் என்று 8ஆம் நூற்றாண்டிலேயே பீட் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். பழைய ஆங்கிலத்தில் 'விலாங்கு நாடு' என்று பொருள்படும் சொல், பிற்காலத்தில் தீவைக் குறிக்கும் சொல்லோடு மயங்கியது. மயங்கியதில் வியப்பில்லை, ஈலி உண்மையிலேயே தீவாகத்தான் இருந்தது. கடலில் அல்ல, சேற்றில். கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரமே உள்ள களிமண் மேடு அது. சுற்றிலும் நாணலும் நீரும் கரிய சேறும். அந்தப் பக்கத்துச் சமவெளியில் 26 மீட்டர் என்பது மலை.

அந்த மேட்டில்தான் 673இல் எதல்த்ரித் என்ற அரசகுமாரி மடம் நிறுவினார். கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் அன்னாவின் மகள். (ஆம், அன்னா அங்கே ஆண் பெயர்.) கழுத்தில் கட்டி வந்து இறந்தார், இளமையில் நகை மீது கொண்ட ஆசைக்கு அது தண்டனை என்று அவரே ஏற்றுக்கொண்டதாகப் பீட் சொல்கிறார். மக்கள் வாயில் எதல்த்ரித் என்ற பெயர் 'ஆட்ரி' எனச் சுருங்கியது. அவர் திருநாளையொட்டி நடந்த சந்தையில் கழுத்தில் கட்டும் பட்டுச் சரிகைகள் விற்றார்கள். செயின்ட் ஆட்ரி சரிகை நாளடைவில் மலிந்து தரம் கெட்டது. 'செயின்ட்' என்பதன் கடைசி ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'டாட்ரி' ஆயிற்று. ஆங்கிலத்தில் இன்று அதற்குப் பொருள்: பகட்டான, மட்டமான. நகையைத் துறந்த ஒரு புனிதையின் பெயர் மட்ட நகைக்கு ஆகிவந்தது என்பதைச் சொற்களின் குறும்பு என்றுதான் சொல்லவேண்டும்.

விலாங்கு அங்கே உணவு மட்டுமல்ல, பணமும்கூட. குத்தகையை விலாங்கில் கட்டிய பதிவுகள் 1086ஆம் ஆண்டு நிலக் கணக்கெடுப்பில் இருக்கின்றன. இந்த ஊரில் கல் கிடையாது. கதீட்ரலுக்கான சுண்ணாம்புக்கல் பார்னக் என்ற இடத்துச் சுரங்கத்திலிருந்து வந்தது. அது பீட்டர்பரோ மடத்துக்குச் சொந்தம். விலை ஆண்டுக்கு 8,000 விலாங்குகள். மீனை எண்ணிக் கொடுத்துக் கல்லை வாங்கிக் கட்டிய கோயில். 163 மீட்டர் நீளமும் 66 மீட்டர் உயர மேற்குக் கோபுரமுமாக அது தட்டையான நிலத்தில் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். 'சதுப்பின் கப்பல்' என்பது அதன் செல்லப் பெயர்.

1322 பிப்ரவரியில் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. கட்டடத்துக்குப் பொறுப்பாயிருந்த துறவி ஆலன், விழுந்ததை அப்படியே திரும்ப எழுப்பவில்லை. நான்கு தூண் நின்ற இடத்தை எட்டாக அகலத் திறந்து எண்கோணம் அமைத்தார். அவ்வளவு அகலத்துக்குக் கல்லில் கூரை போட முடியாது என்பதால் வில்லியம் ஹர்லி என்ற தச்சர் மரத்தில் போட்டார். ஒவ்வொன்றும் சுமார் 19 மீட்டர் நீளமுள்ள எட்டு ஓக் மரங்கள் மேலே ஒரு விளக்குக்கூண்டைத் தாங்கி நிற்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது அந்தரத்தில் மிதக்கும் நட்சத்திரம்.

சதுப்பு கோட்டையாகவும் உதவியது. நார்மானியர் படையெடுத்த பின், 1070இலும் 1071இலும் ஹெரிவர்ட் என்ற கிளர்ச்சிக்காரர் இந்தத் தீவில் இருந்துகொண்டு மன்னர் வில்லியத்தைத் திணறடித்தார். தீவு பிடிபட்ட பிறகு, அதே தனிமை ஆயர்களுக்கு வசதியாயிற்று. அரசருக்குரிய நீதி அதிகாரங்களில் பலவற்றை ஈலித் தீவில் ஆயரே செலுத்தினார். 1836 வரை அது நீடித்தது. ஊருக்கென்று நகரவை கிடையாது, மேயர் கிடையாது. நாற்காலியில் இருந்தவரே எல்லாம். கேம்பிரிட்ஜின் மிகப் பழைய கல்லூரியான பீட்டர்ஹவுஸை 1284இல் நிறுவியவரும் ஈலியின் ஆயர்தான். பின்னாளில் அரசரின் தலையையே வாங்கிய ஆலிவர் குரோம்வெல் 1636 முதல் பத்தாண்டுகள் இவ்வூரில் குடியிருந்து, கதீட்ரலுக்குச் சேரவேண்டிய தசமபாகத்தை வசூலித்துக்கொண்டிருந்தார். 1644இல் அவரே அங்கே பாடற்குழு வழிபாட்டை நிறுத்தவும் செய்தார்.

17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்முய்டன் கால்வாய் வெட்டி நீரை வடித்தார். தீவு தீவாக இல்லாமல் போயிற்று. காய்ந்த கரிமண் சுருங்கிச் சுருங்கி நிலம் தாழ்ந்தது. இன்று அங்கே ஆறுகள் கரைகட்டிய வாய்க்காலாக வயல்களுக்கு மேலே ஓடுகின்றன. மழைநீரைக் கீழிருந்து ஆற்றுக்கு ஏற்ற பம்புகள் ஓடியாக வேண்டும். முதலில் காற்றாலை, பிறகு நீராவி, இப்போது மின்சாரம். விலாங்கோ, அழியும் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

இனி 'சிட்டி'. 1540களில் எட்டாம் ஹென்றி புதிய மறைமாவட்டங்களை ஏற்படுத்தியபோது அவற்றின் தலைமை ஊர்களையும் நகரங்கள் என்று அறிவித்தார். அதிலிருந்து, கதீட்ரல் இருந்தால் நகரம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 1889இல் ஆங்கிலிக்கக் கதீட்ரல் இல்லாத பர்மிங்ஹாமுக்கு அந்தப் பட்டம் கிடைத்ததும் முடிச்சு அவிழ்ந்தது. இன்று கில்ஃபோர்டில் கதீட்ரல் உண்டு, பட்டம் இல்லை. ரோச்செஸ்டரில் பழமையான கதீட்ரல் இருந்தும், நிர்வாகச் சீரமைப்பில் நேர்ந்த கவனக்குறைவால் 1998இல் பட்டம் பறிபோனது. ஈலி வழக்காற்றால் நகரமாக இருந்துவந்தது. உள்ளாட்சிச் சீரமைப்பு நடந்த 1974இல் அரச ஆணை அதை உறுதிப்படுத்தியது. ஆக, சிட்டி என்பது அங்கே ஒரு தகுதிப் பட்டம். மக்கள்தொகையையும் வருவாயையும் பார்த்து நாம் தரும் மாநகராட்சித் தகுதியோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது. வெறும் 'நகரம்' போதும்.

கதீட்ரலுக்குத் தமிழ் என்ன? 'பேராலயம்' பரவிவிட்ட சொல். ஆனால் வேளாங்கண்ணியையும் பேராலயம் என்றே சொல்கிறோம். அது பசிலிக்கா; 1962இல் போப்பாண்டவர் அளித்த சிறப்புத் தகுதி. கதீட்ரல் அல்ல. வேளாங்கண்ணி சேர்ந்த மறைமாவட்டத்தின் ஆயர் இருக்கை தஞ்சாவூரில் திருஇருதய ஆலயத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கில் மக்கள் திரளும் கோயில் கதீட்ரல் இல்லை. அதைவிடக் கூட்டம் குறைந்த கோயில் கதீட்ரல். பேராலயம் என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தைப் பலர் கதீட்ரல் என்று எழுதுவதும் இந்த அளவு மயக்கத்தால்தான்.

பாளையங்கோட்டைக்காரர்கள் இந்தச் சிக்கலிலேயே மாட்டவில்லை. தங்கள் ஊர்க் கதீட்ரலை அதன் கூரிய கோபுரத்தைப் பார்த்து 'ஊசிக்கோபுரம்' என்று அழைத்துவிட்டார்கள்.

ஆயரைக் குறிக்கும் சொல்லில் தமிழ் இந்த அளவுக்குத் தடுமாறவில்லை. 'பிஷப்' என்பதன் கிரேக்க மூலத்துக்கு 'மேலிருந்து பார்ப்பவர்' என்று பொருள். 'அத்தியட்சர்' அதே பொருளை வடமொழியில் தந்தது. பழைய தமிழ் விவிலியமோ நேராகக் 'கண்காணி' என்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அதே சொல்தான். இன்று கத்தோலிக்கர் ஆயர் என்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர் என்கிறார்கள். கத்தோலிக்கருக்குப் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப், ஆகவே எந்தச் சபையைப் பற்றி எழுதுகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

என் பரிந்துரை 'ஆயரிருக்கை ஆலயம்'. இருக்கை இதில் இருக்கிறது, பருமன் இல்லை. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியை ஆங்கிலம் நாற்காலி என்றபோது அதை நாம் தயங்காமல் 'இருக்கை' ஆக்கி, ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு உலகெங்கும் நிதி திரட்டினோம். ஆசிரியரின் இருக்கைக்குப் பொருந்திய சொல் ஆயரின் இருக்கைக்கும் பொருந்தும். லத்தீனில் இரண்டும் ஒரே கதெட்ராதான். செய்தித்தாளில் இடம் குறைவென்றால் 'தலைமை ஆலயம்' என்று போடலாம்.

பயணக் கட்டுரையில் 'பேராலய மாநகரம்' என்பதை அடித்துவிட்டு, 'ஆயரின் இருக்கை அமைந்த சிறு நகரம்' என்று எழுதினேன். எழுதியவர் யாழ்ப்பாணத்துக்காரர். திருத்தத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரி பதில் அனுப்பியிருந்தார்: "இருக்கை எதற்கு, கதிரை என்றே போட்டிருக்கலாமே."