குடத்துத் தண்ணீரும் துருவின் வரைபடமும்

வட சென்னையின் தண்டையார்பேட்டையில் நான் வளர்ந்த தெருவில் ஒரு அடிபம்பு இருந்தது. அடிக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும். குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து, உலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் லேசாக மஞ்சளித்திருக்கும். சாயங்காலத்துக்குள் குடத்தடியில் செம்மண் கரைத்துவிட்ட மாதிரி ஒரு படிவு. "பைப்பு துருப்பிடிச்சிருக்குப்பா, அதான்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. துரு என்றால் வரும்போதே தெரிய வேண்டாமா? தெளிவாக வந்த தண்ணீருக்கு, குடத்துக்குள் சும்மா கிடக்கும்போது துரு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் கல்லூரியில், கரும்பலகையில் வரைந்த ஒரு படத்தில் கிடைத்தது. கிடைக்கோட்டில் பிஎச், அதாவது புளிப்பா காரமா என்பதற்கான அளவு; இடப்பக்கம் புளி, எலுமிச்சை, வலப்பக்கம் சுண்ணாம்பு. செங்குத்துக் கோட்டில் மின்னழுத்தம், வோல்ட் கணக்கில். இந்த இரண்டாவது சமாச்சாரத்தைக் கேட்டுத்தான் பலர் மிரள்வார்கள். எலக்ட்ரானைப் பிடுங்கும் வெறி சுற்றுப்புறத்துக்கு எவ்வளவு இருக்கிறது என்பதற்கான அளவு அது, அவ்வளவுதான். ஆக்சிஜனோ குளோரினோ கலந்த தண்ணீர் பிடுங்கிப் பழகியது, படத்தில் மேலே நிற்கும். காற்றே படாத ஆழத்துத் தண்ணீர் கீழே நிற்கும்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்செல் பூர்பே 1930களில் இந்த மாதிரிப் படங்களை வரையத் தொடங்கினார். 1963-இல் தனிமங்களுக்கான படங்கள் ஒரே தொகுப்பாக பிரெஞ்சில் வெளிவந்தன. அரிமானம், அதாவது உலோகம் அரித்துப்போவதைப் படிப்பவர்கள் இன்றும் இதைப் பூர்பே படம் என்றே சொல்கிறார்கள்.

இரும்பின் படத்தை ஊர் வரைபடம் மாதிரி பாருங்கள். அடியில், கிட்டத்தட்ட −0.62 வோல்ட்டுக்குக் கீழே, இரும்பு இரும்பாகவே இருக்கும் பேட்டை. அதற்கு மேலே இடப்பக்கம் முழுக்க, இரும்பு எலக்ட்ரானை இழந்து, அயனியாகத் தண்ணீரில் கரைந்துபோகும் பேட்டை. அரிமானம் நடப்பது இங்கேதான். வலப்பக்கம் மேலே, இரும்பு ஆக்சைடாகவோ ஹைட்ராக்சைடாகவோ திடப்பொருளாக உட்காரும் பேட்டை. அந்த ஆக்சைடு உலோகத்தின் மேல் மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் இரும்பு தப்பித்துவிடும்.

இப்போது குடத்துக்கு வருவோம். அந்தத் தண்ணீர் கிடந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. மண்ணிலும் பாறையிலும் உள்ள இரும்பு அங்கே இரண்டு எலக்ட்ரான் இழந்த ஃபெரஸ் அயனியாகக் கரைந்திருக்கிறது. அந்த அளவில் அதற்கு நிறம் தெரியாது. குடத்தில் விழுந்ததும் காற்றுப் படுகிறது, தண்ணீர் படத்தில் மேலே ஏறுகிறது. கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுவதால் கொஞ்சம் வலப்பக்கமும் நகர்கிறது. சாய்வாகப் போகும் ஒரு கோட்டைத் தாண்டியதும், கரைந்த இரும்பு அதற்கு மேல் கரைந்திருக்க முடியாமல் பழுப்பு ஹைட்ராக்சைடாகப் படிகிறது. பைப்பே துருப்பிடிக்காமல் இருந்தாலும் குடம் மஞ்சளாகத்தான் போகும். அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு இருபது வருடம் தாமதம்.

பக்கெட்டில் ஏறிய அந்தக் கறையைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். புளி இடப்பக்கம் இழுக்கிறது. அதே சாய்கோட்டைத் திரும்பத் தாண்டியதும் துரு மறுபடி கரைகிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலத்துக்கு இரும்பைக் கவ்விப் பிடிக்கும் குணமும் உண்டு. அது இந்தப் படத்தில் வராது. சமையலறைக்குப் படம் தேவையே இல்லாமல் அது தெரிந்திருந்தது.

படத்தில் சாய்வாக இரண்டு புள்ளிக்கோடுகளும் உண்டு, அவை தண்ணீருக்குரியவை. மேல்கோட்டைத் தாண்டினால் தண்ணீர் உடைந்து ஆக்சிஜன் வரும், கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் ஹைட்ரஜன்; இரண்டுக்கும் நடுவில்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கும். பிஎச் 7-இல் மேல்கோடு +0.82 வோல்ட், கீழ்க்கோடு −0.41. இரும்பு பத்திரமாக இருக்கும் பேட்டையோ −0.62-க்கும் கீழே. அந்த நடுப்பட்டைக்குள் இரும்பின் பேட்டை வருவதே இல்லை. கூடிக் குடியிருக்க முடியாத இருவரை ஒரே வீட்டில் வைத்த கதை. செம்பு கரையத் தொடங்கும் கோடு +0.16-க்குப் பக்கத்தில், அதாவது ஹைட்ரஜன் கோட்டுக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் ஆக்சிஜன் இல்லாத வெறும் தண்ணீர் செம்பை ஒன்றும் செய்யாது. காற்றும் புளிப்பும் சேர்ந்தால்தான் பச்சை பூக்கும்.

படம் உண்மையா என்று பார்க்க லேப் வேண்டாம். துருவில்லாத நான்கு இரும்பு ஆணிகள், நான்கு டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர், நான்காவதில் அதே சுண்ணாம்பு நீரோடு இரண்டு ஸ்பூன் உப்பு. குழாய்த் தண்ணீர் ஆணியில் மறுநாளே துரு. எலுமிச்சையில் சின்னச் சின்னக் குமிழிகள். ஆணி கறுத்துக் கரையத் தொடங்கும். சுண்ணாம்பு டம்ளரை மூடி வைத்தால் ஆணி நாள்கணக்கில் பளபளப்பாகவே கிடக்கும். பிஎச் 12-க்கு மேல் போனதால் ஆக்சைடு தோல் போர்த்திக்கொண்டு நிற்கிறது. (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண் போய்விடும், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.)

கான்கிரீட்டுக்குள் கம்பி பிழைத்திருப்பதும் இதே தயவில்தான். சிமென்ட் இறுகும்போது உருவாகும் சுண்ணாம்பு, அதன் துளைகளில் உள்ள ஈரத்தின் பிஎச்சை 12.5-க்கு மேல் வைத்திருக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே ஊறி ஊறி அதை 9-க்குக் கீழே இறக்கிவிட்டால், கம்பி இருந்த இடத்திலேயே இருக்க, படத்தில் இடப்பக்கம் நகர்ந்து அரிமானப் பேட்டைக்குள் வந்துவிடுகிறது. துருவின் பருமன் இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு. கம்பி உப்பினால் மேலிருக்கும் காரை வெடிக்காமல் என்ன செய்யும்?

நான்காவது டம்ளரை விட்டுவிட்டேன். அதில்தான் வட சென்னை இருக்கிறது. பிஎச் மாறவில்லை, படத்தின்படி ஆணி பத்திரம். ஆனாலும் சில நாளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றலாம். உப்பின் குளோரைடு அந்தத் தோலில் பலவீனமான இடம் பார்த்துக் குத்துகிறது. படத்தில் பிஎச்சுக்கும் மின்னழுத்தத்துக்கும் கோடு உண்டு, உப்புக்குக் கோடு இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் எந்த ஜன்னல் கம்பி இற்றாலும் "உப்புக்காத்து சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அது பாதி சரி. ஈரமும் ஆக்சிஜனும் முதலில் இருக்க வேண்டும்; உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது, தோலைக் கிழிக்கிறது.

படம் சொல்லாத இன்னொன்று வேகம். அலுமினியத்தின் படத்தில் உலோகப் பேட்டையை மட்டும் பார்த்தால், அது தண்ணீரில் நாலு நாள் தாங்காது என்று தோன்றும். பிஎச் 4-லிருந்து 8.5 வரை ஆக்சைடு தோல் காப்பாற்றுவதால்தான் சோற்றுப் பானை தலைமுறை தாண்டுகிறது. அதே பானையை வாஷிங் சோடாவில் ஊறவைத்தால் வலப்பக்க எல்லையைத் தாண்டிக் கறுத்துப் போகும். எந்தப் பக்கம் போகும் என்பதைப் படம் சொல்லும், எப்போது போய்ச் சேரும் என்பதைச் சொல்லாது.

இரும்பைக் கீழே இழுக்கும் வழியும் ஒன்று உண்டு. காசிமேட்டில் கரையேற்றிய விசைப்படகுகளின் சுக்கானில், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறக் கட்டி பொருத்தியிருப்பதைப் பார்க்கலாம். துத்தநாகம், ஜிங்க் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அது கரைந்து தன் எலக்ட்ரான்களை இரும்புக்குத் தள்ளிவிடுகிறது, இரும்பு படத்தில் பத்திரமான பேட்டையை நோக்கி இறங்குகிறது. கடல்நீரில் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையை வைத்து அளந்தால், −0.80 வோல்ட் அல்லது அதற்கும் கீழே இறங்கியிருந்தால் போதும் என்பது பொறியாளர்கள் கணக்கு (இது வேறு அளவுகோல், மேலே சொன்ன −0.62-ஓடு நேராக ஒப்பிடக் கூடாது). படகு முழுக்க பெயிண்ட் அடித்தாலும் இந்தக் கட்டியின் மேல் அடிக்கக் கூடாது. அடித்தால் அது கரையாது; அது கரையாவிட்டால் படகு கரையும்.

போன மழைக்கு முன் எங்கள் வீட்டு பால்கனியின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, ஒரு முழம் கம்பி வெளியே தெரிந்தது. முதலில் வந்தவர் மேலே பூசி பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார். உப்பு ஊறிய காரைக்கு மேல் புதுப் பூச்சு போட்டால் பக்கத்துக் கம்பி தொடர்ந்து அரிக்கும் என்று நான் படம் வரைந்து காட்டியதில் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டாவது வந்த கொத்தனார் படத்தைப் பார்க்கவே இல்லை. ஏணியில் ஏறி, தெரிந்த கம்பியிலிருந்து சுவர் வரை சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்றது, ஒரு இடத்தில் பொத்தென்றது. அங்கே கரியால் கோடு போட்டார். "இதுவரைக்கும் உடைக்கணும் சார். கம்பிக்குப் பின்னாடி விரல் போற அளவுக்கு." கோடு, கம்பி தெரிந்த இடத்திலிருந்து மூன்று அடி தள்ளி இருந்தது.